தூக்குவாளியில் வந்த செடி

மகனே,

தேதி போடாமல் நீ எழுதிய கார்டு நேற்று வந்து சேர்ந்தது. தபால் முத்திரையைப் பார்த்துத்தான் எந்த நாளில் எழுதினாய் என்று தெரிந்துகொண்டேன். இரும்பாலைக் குவார்ட்டர்ஸில் வீடு கிடைத்துவிட்டது, கோமதி பால் காய்ச்சிவிட்டாள், ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டிகூட வாங்கி வைத்தாயிற்று என்று படித்தபோது மனசு நிறைந்தது. நீங்கள் இருவரும் வடக்கே ரயிலேறிய பிறகு இந்த மட்டாஞ்சேரி வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் நான் சௌக்கியமாக இருக்கிறேன். காலையில் ஹிந்து பேப்பரை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறேன். அச்சுப்பிழை கண்டால் பென்சிலால் திருத்தி வைக்கிறேன். யாரும் கேட்பதில்லை, இருந்தாலும் திருத்துகிறேன்.

கார்டின் மூலையில் இடம் போதாமல் நெருக்கி ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். "நம் வீட்டு முற்றத்துக் கல்தொட்டியில் நூல் மாதிரி ஒரு செடி கிடக்குமே, அதன் பெயர் என்ன? கோமதியைக் கேட்டால் சொல்லாமல் சிரிக்கிறாள், உன்னைக் கேட்கச் சொல்கிறாள்." அவள் சிரித்ததில் தவறில்லை. பெயரை மட்டும் எழுதுவதானால் எனக்கும் ஒரு கார்டு போதும். ஆனால் அந்தச் செடியால் உன் கல்யாணமே நின்றுபோக இருந்தது. நீ அப்போது பம்பாயில் வேலையிலிருந்தாய். நானும், உன் செல்லம் அத்தையும், கோமதியும் கூடிப் பேசி முடிவெடுக்காமலே உன் காதில் போடாமல் இருந்துவிட்டோம். இப்போது அவளே உன்னை என்னிடம் அனுப்பிவிட்டாள் என்றால் சொல்லலாம் என்றுதான் அர்த்தம். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பாதியிலிருந்து ஆரம்பித்தால் மீதி விளங்காது.

நிச்சயதார்த்தம் முடிந்து நீ பம்பாய்க்குத் திரும்பும்போது மாடி ஜன்னலில் உன் மீன் தொட்டியை என் பொறுப்பில் விட்டுப் போனாய். அதில் ஒரு ஜோடி சண்டை மீன். நீ போன கொஞ்ச நாளில் சிவப்பு ஆண்மீன் தண்ணீர் மேல் நுரையால் ஒரு கூடு கட்டியது. பெண்மீனை எடுத்து ஜாடியில் போட வேண்டும் என்று நீ சொல்லியிருந்தபடியே செய்தேன். நுரைக்கு அடியில் கடுகைவிடச் சின்னதாகக் குஞ்சுகள் தொங்கின. அவித்த மஞ்சள்கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் லேசாகப் பிழிந்து ஊட்டினேன். கீழே கிடங்கில் மிளகு மூட்டை இறக்குகிறவர்கள் போடுகிற சத்தத்துக்கு அந்தக் குஞ்சுகள் பயப்படுமோ என்று ஜன்னலைச் சாத்தி வைத்தேன் என்றால் நீ சிரிப்பாய். உன் அப்பா போன பிறகு நான் அத்தனை கவனமாக யாருக்கும் சோறு ஊட்டவில்லை.

அந்த நாளில்தான் சேர்த்தலைக்கு, கோமதி வீட்டுக்கு, அதிரசமும் முறுக்கும் கொடுத்துவிட்டேன். என் கல்யாணத்துக்கு என் அப்பா கொடுத்த பித்தளைத் தூக்குவாளி நிறைய. நம் வீடுகளில் ஒரு முறை உண்டு, உனக்கும் தெரியும்: பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. சர்க்கரையோ, பழமோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி அரிசியோ போட்டுத்தான் திருப்ப வேண்டும். நம் வாளி ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கொண்டுவந்த வள்ளக்காரர் வாசலில் வைத்துவிட்டு, "மாப்பிள்ளை மீன் வளர்க்குறாருன்னு கேட்டு, அதுக்காக அந்த வீட்டுப் பொண்ணு குடுத்து விட்டது" என்று சொன்னார், சாயா குடித்தார், போய்விட்டார். அப்போது செல்லம் அத்தை நம் வீட்டில் இருந்தாள்.

உன் அத்தையைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த நாளில் அவள் கையில் என்ன இருந்தது என்பதை நீ யோசித்திருக்க மாட்டாய். கணவனை இழந்தவள் மணவறைப் பக்கம் வரக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். பெற்றவள் நான்தான் என்றாலும் உன் கல்யாணத்தில் தாய் தகப்பன் இடத்தில் நின்று எல்லாம் செய்ய வேண்டியவர்கள் உன் அப்பாவின் தங்கையான செல்லமும் அவள் வீட்டுக்காரரும்தான். அவர் வாய் திறக்காத மனிதர். செல்லம் நிற்கிறேன் என்றால் நிற்பார், மாட்டேன் என்றால் மாட்டார். அவள் முகம் கோணினால் முகூர்த்தம் இல்லை. இந்த வழக்கம் எனக்குப் பிடித்ததா என்று கேட்காதே. பிடிக்கவில்லை. ஆனால் அன்று அதை மாற்றும் அளவுக்கு எனக்கு ஆள்பலம் இல்லை.

வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவள் சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். "நல்ல கனமாக்கும் மைனி. ஆப்பிளா இருக்கும். எர்ணாகுளத்துல பிராட்வேயில வாங்கியிருப்பாங்க." மூடியைத் திறந்தாள். உள்ளே தண்ணீர். தண்ணீருக்குள் பச்சையாக ஏதோ. கையை விட்டு அள்ளினாள். வெளியே வந்ததும் அது ஈரமான நூல்கண்டு மாதிரிச் சுருண்டு அவள் விரலிலெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"சீ, பாயல்! மைனி, பாசியும் தண்ணியும்! நாம அதிரசம் குடுத்தோம், அவ சாக்கடையில கோரினதைக் குடுத்து விட்டிருக்கா!"

"அதைத் தண்ணிக்குள்ள விடு செல்லம். நசுங்குது."

"நசுங்கட்டும். நீங்க எதுக்குப் பதறுறீங்க? பாருங்க, இதுக்கு வேரே இல்ல. இந்தத் தலையிலும் இல்ல, அந்தத் தலையிலும் இல்ல. வேரில்லாத செடியைக் குடுத்தனுப்பினா குடும்பம் எப்படி மைனி வேர் பிடிக்கும்?"

கேலியாகச் சொன்னாலும் கையைப் புடவையில் திரும்பத் திரும்பத் துடைத்தாள். அதற்குக் காரணம் உண்டு. அவளுடைய இடது காலை நீ சின்ன வயசிலிருந்தே பார்த்திருக்கிறாய். மழை ஆரம்பித்தால் குளிர்காய்ச்சல் வரும், கணுக்கால் வீங்கும், அவள் புடவையைத் தழையத் தழையக் கட்டிக்கொண்டு யாரும் பார்க்காதபடி நடப்பாள். இந்த ஊரில் மந்து வந்து யாருக்காவது யானைக்கால் ஆகாத தெரு உண்டா? பாயல் இருக்கிற குளத்தில்தான் கொசு பெருகும், அந்தக் கொதுகு கடித்தால் மந்து வரும் என்று சர்க்கார் ஆட்கள் குளங்களில் இறங்கிப் பாசியெல்லாம் வாரிக் கரையில் போட்டதை அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே பார்த்தவள். கோமதியின் அப்பாவுக்கே அந்த வேலைதான், ஆட்களை வைத்துக் குளம் துப்புரவு செய்கிற மேஸ்திரி உத்தியோகம். அவர் வீட்டிலிருந்தே ஒரு வாளி பாயல் வந்தால் செல்லத்துக்கு எப்படி இருக்கும்? இதை நான் அன்றே புரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். அன்று எனக்கு அவளுடைய சத்தம்தான் கேட்டது. ஒருவர் ஒரு சின்ன விஷயத்துக்குப் பெரிதாகக் கத்தினால் அவருக்கு எங்கே வலிக்கிறது என்று பார். உன் ஆபீசிலும் பார், உன் வீட்டிலும் பார்.

செல்லம் போன பிறகு செடியை உன் தொட்டியில் விட்டேன். சுருண்டு கிடந்த நூல் மெல்ல மெல்ல விரிந்தது. ஒரு தண்டு, அதைச் சுற்றிலும் மயிர்போலக் கிளை பிரிந்த இலைகள், கிளைக்குள் கிளையாக, பூனை வாலைத் தண்ணீரில் விரித்த மாதிரி. நான் வெகுநேரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இது என்ன செடி? பெயர் தெரியாத ஒன்று என் வீட்டில் இருப்பது எனக்குப் பிடிக்காது. வேலம்பாசி இல்லை. அதன் இலை நாடா மாதிரித் தட்டையாக, தண்டைச் சுற்றி வட்டம் வட்டமாக இருக்கும். கோயில் குளத்தில் கிடக்குமே, சவுக்கு இலை மாதிரி முரமுரப்பான பாசி, அதுவும் இல்லை. அது தண்ணீரை விட்டு வெளியே எடுத்தாலும் விறைத்தே நிற்கும். இதுவோ வெளியே வந்த கணமே துவண்டுவிடுகிறது. தவிர, இலை நூல்களில் அங்கங்கே சின்னச் சின்ன உருண்டைகள். பச்சைமிளகுச் சரத்தைத் தொலைநோக்கியின் தப்பான பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. சில பச்சையாகக் கண்ணாடி போல, சில கறுத்து. நான் அவற்றை நத்தை முட்டை என்று முடிவுகட்டினேன். சுத்தம் பார்க்கிறவள் அல்லவா, ஒட்டகமயிர்த் தூரிகையை எடுத்து ஒரு மத்தியானம் முழுக்க அவற்றைத் துடைத்து எடுக்கப் பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை. முட்டையாக இருந்தால் வந்திருக்கும். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பிறகு குஞ்சுகள் குறையத் தொடங்கின. முதலில் தகப்பன் மீன் தின்கிறது என்று நினைத்து அதைப் பிரித்து வைத்தேன். அப்படியும் குறைந்தன. தண்ணீர் கெட்டிருக்குமோ என்று பாதித் தண்ணீரை மாற்றினேன். அப்படியும் குறைந்தன. செத்த குஞ்சு ஒன்றாவது அடியில் கிடக்க வேண்டுமே, அதுவும் இல்லை. கடைசியில் உன் அப்பா மிளகில் பூஞ்சை பார்ப்பதற்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, வெயில் நன்றாக விழும் நேரத்தில் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒரு குஞ்சு செடியின் பக்கமாக நீந்திப் போயிற்று. வால் ஓர் உருண்டையில் பட்டது. அடுத்த கணம் வால் உருண்டைக்குள் இருந்தது. இடையில் என்ன நடந்தது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு வேகம். குஞ்சு தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு தொங்கியது. அப்போதுதான் கறுத்த உருண்டைகள் எதனால் கறுத்தன என்று விளங்கியது.

எனக்கு வருத்தமும் வந்தது, அதோடு ஓர் உற்சாகமும் வந்தது, மறைக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் பூச்சி தின்னும் செடிகளைப் பற்றிப் படித்திருந்தேன். படத்தில் பார்த்ததை உயிரோடு என் ஜன்னலில் பார்த்தேன். அந்த உற்சாகத்தில், மாடிப்படி ஏறி வந்த செல்லத்தின் கையில் கண்ணாடியைக் கொடுத்து, "வா, வா, இதைப் பார்" என்று கூப்பிட்டுவிட்டேன். யாரிடம் எதைக் காட்டுகிறோம் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

அவள் பார்த்தாள். கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"மைனி, நான் நிக்க மாட்டேன்."

"என்னது?"

"மணவறையில நிக்க மாட்டேன். வேரும் இல்ல, வெறும் வாயும் வயிறும்தான் இருக்கு. வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாலயே இருந்த குஞ்சுகுளுவானையெல்லாம் முழுங்கியாச்சு. அந்தப் பொண்ணு வேண்டாம். எங்க அண்ணனுக்கு ஒரே பிள்ளை."

"செடி செய்யுறதுக்குப் பொண்ணு என்ன செய்வா?"

"குடுத்து விட்டது யாரு? தெரிஞ்சு குடுத்தாளா, தெரியாம குடுத்தாளா? தெரிஞ்சுன்னா மனசு சரியில்ல. தெரியாமன்னா கை சரியில்ல."

கை சரியில்லை என்பதை நான் நம்புகிறவள் அல்ல. ஆனால் தெரிந்தே கொடுத்தாளா என்ற கேள்வி எனக்குள்ளும் முள்ளாகக் குத்தியது. எதிர்பாராமல் ஒன்று கெட்டுப்போனால் அந்தப் பெண் என்ன செய்வாள்? மறைப்பாளா, யார் தலையிலாவது போடுவாளா? உன்னோடு காலமெல்லாம் இருக்கப் போகிறவள். எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது. சேர்த்தலைக்கு நேரில் போவதென்று முடிவு செய்தேன். ரவிக்கை அளவு கேட்கப் போனதாக உனக்கு எழுதினேன். அளவும் கேட்டேன், ஆகவே அது பொய் இல்லை.

செடியை எப்படிக் கொண்டுபோவது? பஸ்ஸும் வள்ளமும் மாறிப் போகிற வழியில் தண்ணீரில் குலுங்கினால் துண்டு துண்டாகிவிடும். வெளியே எடுத்தால் சளி மாதிரி ஆகிவிடும், அப்படிக் காட்டினால் யாருக்கும் எதுவும் தெரியாது. எங்கள் கான்வென்டில் ஒரு சிஸ்டர் எங்களைக் கொச்சிக் கோட்டைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கடல்பாசி பொறுக்கச் சொல்லி, அதைக் காகிதத்தில் ஏற்றும் முறையைக் கற்றுக்கொடுத்திருந்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அது கைக்கு வந்தது. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன் அடியில் கெட்டியான வெள்ளைக் காகிதத்தை முக்கி வைத்தேன். செடியிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி அதன் மேலே மிதக்கவிட்டேன். தண்ணீருக்குள் அது தானாகவே விரிந்து கிடக்கிறபோது, பின்னல் ஊசியால் ஒட்டிய நூல்களை மட்டும் பிரித்துவிட்டேன். பிறகு காகிதத்தின் ஒரு விளிம்பைப் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, அடியிலிருந்து மெதுவாக உயர்த்தினேன். தண்ணீர் ஓரமாக வழிந்து போயிற்று. செடி தண்ணீரில் எப்படி இருந்ததோ அப்படியே காகிதத்தில் உட்கார்ந்தது, ஒவ்வொரு உருண்டையும் அதனதன் இடத்தில். மேலே மல்மல் துணி போட்டு, ஒற்றுத்தாள் வைத்து, கிடங்கின் எடைக்கற்களை ஏற்றி வைத்தேன். இதில் அவசரப்பட்டால் ஒன்றும் கிடைக்காது. மேலிருந்து பிடித்து இழுத்தாலும் கிடைக்காது.

காய்ந்ததும் முதலில் கான்வென்டுக்குத்தான் போனேன். அறிவியல் நடத்தும் சிஸ்டர் சின்னப் பெண், உன் வயசுகூட இருக்காது. காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தார், இருவருமாகப் பக்கம் புரட்டினோம். வேர் கிடையாது, நூலிழை இலை, இலையில் பொறிப்பைகள். யூட்ரிகுலேரியா. பையில் ஒரு மூடி இருக்கிறது, அதன் மேல் இருக்கும் மயிரில் ஏதாவது பட்டால் மூடி திறந்து தண்ணீரோடு இரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நம் பக்கத்துக் குளங்களிலும் வயல்களிலும் சாதாரணமாகக் கிடைப்பது. "பூத்தால் நிச்சயமாகச் சொல்லலாம், மஞ்சள் பூ வரும்" என்றார் சிஸ்டர். ஆகவே, நீ கேட்ட பெயர் இதுதான். ஆனால் இங்கே கடிதத்தை மடித்து வைத்துவிடாதே.

சேர்த்தலையில் சம்பந்தி என்னை எதிர்பார்க்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் காகிதத்தை மேசையில் விரித்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். செல்லம் சொன்னதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பாவம், அவருக்கு வியர்த்துவிட்டது.

"சம்பந்தியம்மா, அது... வேலைக்காரி செஞ்ச கூத்தாக்கும். ஆரஞ்சு வைக்கச் சொல்லியிருந்தேன். அவ புத்தியில்லாம என்னத்தையோ கோரிப் போட்டு..."

கதவுக்குப் பின்னாலிருந்து கோமதி வெளியே வந்தாள்.

"அப்பா, ஜானுவைச் சொல்லாதீங்க. நான்தான் கொடுத்து விட்டேன்."

"நீ உள்ள போ!"

"போறேன், சொல்லிட்டுப் போறேன். அத்தே, குளத்துல ஆளுங்க பாயல் வாரிக் கரையில போட்டாங்க. அதுல இது மட்டும் வித்தியாசமா இருந்தது. வெயில்ல சாகப்போகுதேன்னு எடுத்துட்டு வந்து பாத்திரத்துல வச்சிருந்தேன். ரொம்ப அழகா இருந்ததா, அவங்க தொட்டிக்கு நல்லா இருக்கும்னு நினைச்சேன். மீனைத் தின்னும்னு எனக்குத் தெரியாது. பேரும் தெரியாது." சொல்லி முடித்தபோது கண் கலங்கியிருந்தது. ஆனால் பார்வை என் முகத்தைவிட்டு மேசைமேல் இருந்த காகிதத்துக்குப் போய்விட்டது. "இதை எப்படி அத்தே இப்படி விரிச்சீங்க? நான் எடுத்தா ஒட்டிக்கிடுதே."

கல்யாணம் நிற்குமா நடக்குமா என்று அவள் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கும் அது தெரியும். இருந்தும் அவளால் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நான் பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினேன். அவள் குனிந்து ஒவ்வொரு பையாகப் பார்த்தாள். கறுத்திருந்த ஒன்றில் கண்ணாடியை நிறுத்தி, "அத்தே, இதுக்குள்ள இருக்கிறது மீன் இல்ல. கூத்தாடி மாதிரி இருக்கு. தலை தெரியுது பாருங்க" என்றாள். கொசுவின் புழுவைத் துப்புரவு மேஸ்திரியின் மகளுக்குத் தெரியாமல் இருக்குமா? பார்த்தேன். அவள் சொன்னது சரி. நான் மீனை மட்டுமே தேடிக்கொண்டிருந்ததால் எனக்கு மீன் மட்டுமே தெரிந்திருந்தது.

"இது பாயல்தான், ஆனா கொதுகைத் தின்னுற பாயல்" என்றாள் கோமதி. அவள் அப்பாவும் எழுந்து வந்து பார்த்தார். "இத்தனை வருஷமா இதையும் சேர்த்துத்தான் வாரிப் போட்டோமோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கிளம்பும்போது கல்யாண ரவிக்கைக்கு அளவு கேட்டேன். அப்போதுதான் சம்பந்திக்கு மூச்சு வந்தது.

ஆனால் நான் தீர்மானித்தால் போதாதே. மணவறையில் நிற்க வேண்டியவள் செல்லம். அவளிடம் வாதாடினால் தோற்பேன் என்று எனக்குத் தெரியும். வாதத்தில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. மறுநாள் காலை தொட்டியில் மீதியிருந்த செடியை வெள்ளை எனாமல் பேசினில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய கிணற்றடித் தொட்டியிலிருந்து ஒரு குவளை தண்ணீர் மொண்டு பேசினில் ஊற்றினேன். அதில் அப்போதுதான் பொரித்த கூத்தாடிகள் நெளிந்தன.

"என் வீட்டுத் தொட்டியில கூத்தாடின்னு குத்திக் காட்ட வந்தீங்களா மைனி?"

"வந்து உட்கார். கால் நீட்டிக்கொள். பேசாமல் பார்."

பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே பார்த்தாள். ஒரு கூத்தாடி குதித்துக் குதித்துச் செடிக்குள் போயிற்று. செல்லம் துள்ளினாள். "ஐயோ! எங்க போச்சு? இப்ப இங்கதானே இருந்தது!"

"உருண்டைக்குள்ளே பார்."

பார்த்தாள். நெளிந்துகொண்டிருந்தது. "அட பாவி! முழுங்கிட்டு!" அதற்குப் பிறகு அவளை அந்தப் பேசினை விட்டு எழுப்ப முடியவில்லை. "இன்னொண்ணு போகுது மைனி... போ, போ, அப்படித்தான்... ஆங்! போச்சு!" அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அவள் வீட்டுக்காரரே போய் இறக்கினார். வெகுநேரம் கழித்து அவள் கண்ணாடியைத் தாழ்த்தினாள். அவளையறியாமல் ஒரு கை இடது கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தது. "எனக்குப் பன்னெண்டு வயசுல இது நம்ம தொட்டியில கிடந்திருந்தா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

ஒரு செடி ஒரு ஊர்க் கொசுவைத் தின்று தீர்த்துவிடாது என்று எனக்குத் தெரியும். அப்படி நான் அவளிடம் சொல்லவும் இல்லை. அவள் கேட்டது வேறு.

"அந்தப் பொண்ணு தெரிஞ்சு குடுத்தாளா, தெரியாமலா?"

"தெரியாமல்தான். வேலைக்காரி தலையில் போட அவள் அப்பா வழி பண்ணிக் கொடுத்தார். நான்தான் என்று வந்து நின்றாள்."

செல்லம் பேசினை நிழலுக்கு நகர்த்தி வைத்தாள். "தெரியாம எடுத்தாலும் குளத்துல இருந்ததுல இதைப் பார்த்து எடுத்திருக்கு. கை நல்ல கைதான் மைனி" என்றாள். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்து, "உங்க வேஷ்டிக்குச் சரிகை அகலமா வேணுமா, ஒடுக்கமா வேணுமா?" என்று கேட்டாள். கல்யாணம் நடக்கும் என்பதை அவள் அப்படித்தான் சொன்னாள்.

மீதி நீ பார்த்ததுதான். மணவறையை அவள் அந்தக் காலோடு சுற்றி வந்தாள், புடவையைத் தழைய விடக்கூட மறந்துபோய். நான் தூணுக்கு அப்பால் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு வருத்தமாக இருந்திருக்கும் என்று நீ பிறகு ஒருமுறை சொன்னாய். இல்லை. அவளை அங்கே நிற்க வைத்தது நான். அதைவிட எனக்கு என்ன வேண்டும்? செடி முற்றத்துக் கல்தொட்டிக்குப் போயிற்று. கல்யாணம் கழிந்த மறுநாள் காலை கோமதி முற்றத்திலிருந்து கூப்பிட்டாள். தண்ணீருக்கு மேலே ஈர்க்குச்சி கனத்தில் ஒரு காம்பு, அதன் தலையில் இரண்டு உதடும் ஒரு சின்ன வாலுமாக மஞ்சள் பூ. "அத்தே, ஓணத்துக்குப் பூக்களத்துல வைப்போமே, காக்காப்பூ, அதே முகம். நிறம்தான் மஞ்சள்" என்றாள். காக்காப்பூவும் அதே குடும்பம் என்று புத்தகத்தில் போட்டிருந்ததை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அவளாகவே கண்டாள். நீ அப்போது தூங்கிக்கொண்டிருந்தாய்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், கோமதி பிறந்த தண்ணீரை விட்டு முதல்முறையாக வெகுதூரம் வந்திருக்கிறாள். அங்கே பாஷை வேறு, குளிர் வேறு, பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு. சில நாள் அவள் துவண்டு கிடப்பாள், வாயே திறக்க மாட்டாள், உனக்கு எரிச்சல் வரும். அதை வைத்து அவளை எடைபோடாதே. அவளுடைய தண்ணீரை அங்கே உண்டாக்கிக் கொடு, பிறகு பார். அவளுக்குக் கை கொடுப்பதானால் காகிதத்தைப் போல அடியிலிருந்து கொடு. உன் அப்பாவுக்கு இது இயல்பாக வந்தது. நான் கோபக்காரி என்று ஊரே சொன்னபோது அவர் மட்டும் சொல்லவில்லை.

மீன் குஞ்சு இருக்கும் தொட்டியில் இந்தச் செடியைப் போடாதே. பெயர் கேட்டதற்கு இதுதான் முழுப் பதில்.

உங்கள் ஊர்ப் பக்கம் வருகிற ஒருவர் அடுத்த வாரம் ரயிலேறுகிறார். அவரிடம் பித்தளைத் தூக்குவாளியைக் கொடுத்துவிடுகிறேன், நிறைய அதிரசத்தோடு. செல்லமும் உட்கார்ந்து சுட்டாள், கொஞ்சம் கருகினதெல்லாம் அவள் சுட்டது. மேலே அட்டைக்குள் வைத்திருப்பது செடி ஏற்றிய அந்தக் காகிதம், கோமதிக்கு. வாளியை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். சர்க்கரை வேண்டாம், ஆரஞ்சும் வேண்டாம். என் கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, பூதக்கண்ணாடியும் மேசையில் இருக்கிறது. விடுமுறைக்கு நீங்கள் வரும்போது அந்த ஊர்க் குளத்திலிருந்து ஒரு செடியைத் தண்ணீரோடு அந்த வாளியில் கொண்டு வரச் சொல். எனக்குப் பெயர் தெரியாத செடியாக இருக்கட்டும்.

உன் அம்மா